ஃபார்ம் போன வேகப்பந்து வீச்சாளர் திரும்பி வருவது எப்படி

19 வயதில் புதுப்பந்தைக் கையில் கொடுத்தால் முதல் ஸ்பெல்லிலேயே இரண்டு மூன்று விக்கெட் எடுத்துவிடுவான். டாஸ் போட வரும்போதே எதிரணி கேப்டன் "அவன் இன்னைக்கு ஆடுறானா?" என்று கேட்ட காலம் அது. இப்போது அவனுக்கு 23. போன ஜனவரியில் ஒரு நாள் காலை, பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் நாங்கள் நெட்ஸ் போடும் மைதானத்துக்கு வந்தான், பேக்கைக்கூடத் திறக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, பந்து கையை விட்டுப் போறப்பவே தெரியுது, இது தப்பான பந்துன்னு. ஆனா ஒண்ணும் பண்ண முடியல" என்றான். நாலு மேட்சில் ஒரு விக்கெட். கடைசி மேட்சில் மூன்று ஓவருக்கு மேல் கேப்டன் பந்தே கொடுக்கவில்லை.

இவனை மாதிரி வருடத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராம்புரம், விவேக்நகர் என்று நம் ஆட்கள் இருக்கிற இடங்களில் தெருவில் டென்னிஸ் பந்தில் தொடங்கி, லெதர் பந்துக்கு வந்து, லீக்கில் ஏதோ ஒரு டிவிஷனில் பெயர் வாங்கி, அப்புறம் ஒரே சீசனில் எல்லாம் போய்விட்டதாக நினைக்கிறவர்கள். எனக்கும் 26 வயதில் இதுதான் நடந்தது. திரும்பி வர இரண்டு வருடம் ஆனது, அதில் ஒன்றரை வருடம் வீண், ஏனென்றால் அந்த ஒன்றரை வருடமும் நான் பழைய பந்தையே தேடிக்கொண்டிருந்தேன். நெட்ஸில் ஒரு பந்து பழையபடி போனால் சந்தோஷம், அடுத்த ஐந்து போகாவிட்டால் இன்னும் வேகமாக ஓடி வருவது, இன்னும் பலமாகப் போடுவது. கடைசியில் சைட் ஸ்ட்ரெயின், அதாவது விலாத் தசையில் காயம், வந்து ஆறு வாரம் படுத்தேன். உங்களுக்கு அந்த ஒன்றரை வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வழிமுறை முழுவதும் அவரிடமிருந்துதான் வந்தது. அவர் கிரிக்கெட் ஆடியவரே இல்லை. நான் நைட் ஷிஃப்டில் அமெரிக்கக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிர்முனையில் பேசும் பிலடெல்பியாக்காரர் ஒருவர், நான் பந்து வீசுகிறவன் என்று தெரிந்ததும் ராய் ஹாலடே பற்றிச் சொன்னார். பேஸ்பாலில் பந்து வீசுகிறவர், அவர்கள் பாஷையில் பிட்சர். 1998-ல் டொரான்டோ அணிக்காகத் தன் இரண்டாவது மேட்சிலேயே கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட் ஆகும் வரை ஒரு ஹிட்கூட, அதாவது பேட்டர் அடித்துப் பேஸை எட்டுகிற ஒரு அடிகூட, விட்டுக்கொடுக்காதவர். இரண்டே வருடத்தில், 2000-ல், அவருடைய சராசரி, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் விழுந்த ரன், 10.64. நம் பவுலிங் ஆவரேஜ் மாதிரி இதுவும் குறைவாக இருந்தால்தான் நல்லது, நாலுக்குக் கீழே இருந்தால் நல்ல பிட்சர். 50 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களில் அவ்வளவு மோசமான சீசன் அதற்கு முன் யாருக்குமே இருந்ததில்லை.

2001-ல் அணி அவரை ஒரு படி இறக்கவில்லை, ஏறக்குறைய அடித்தளத்துக்கே, புளோரிடாவில் டனீடின் என்ற ஊரில் ஆடும் சின்னப் பையன்களின் அணிக்கு அனுப்பியது. அங்கே மெல் குவீன் என்ற பயிற்சியாளர் அவருடைய கையின் கோணத்தைக் கீழே இறக்கினார். அதுவரை தலைக்கு மேலிருந்து நேராக, வேகமாக, வளையாமல் வந்த பந்து. கோணம் இறங்கியதும் கீழே அமுங்கிப் போகும் சிங்கரும் விலகிப் போகும் கட்டரும் வந்தன. சில மாதத்தில் டொரான்டோவுக்குத் திரும்பினார். 2003-ல் 22 வெற்றி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. 2010-ல் பிலடெல்பியாவுக்காக ஒரு பெர்ஃபெக்ட் கேம், அதாவது எதிரணியில் ஒருவர்கூட முதல் பேஸை எட்டவில்லை. அதே வருடம் பிளே-ஆஃபில் ஒரு நோ-ஹிட்டர், அதாவது ஒரு ஹிட்கூட விடாத ஆட்டம். திரும்பி வந்தவர் பழைய ஹாலடே இல்லை, வேறு ஒரு பவுலர். எனக்கு இது உறைத்தபோது ராத்திரி மூன்று மணி இருக்கும், ஆபீஸ் மாடியில் நின்றுகொண்டிருந்தேன்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம்.

வலி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அப்புறம். பிட்சர்களுக்கு அடிவாங்குவது முழங்கை. டாமி ஜான் என்ற பிட்சருக்கு 1974-ல் ஃபிராங்க் ஜோப் செய்த தசைநார் அறுவை சிகிச்சைக்கு இன்றுவரை அந்த ஆட்டக்காரரின் பெயர்தான். நமக்கு அடிவாங்குவது கீழ்முதுகு. வலது கைப் பவுலருக்குக் கீழ்முதுகின் இடது பக்கம், இடது கைக்காரருக்கு வலது பக்கம், பின்னால் வளைந்தால் குத்துகிற மாதிரி வலி இருந்தால், அது தூங்கி எழுந்தால் போகிற சதைப்பிடிப்பு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். எலும்பில் அழுத்த முறிவு தொடங்கியிருக்கலாம். எக்ஸ்-ரேயில் இது பல சமயம் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம், அதனால் விளையாட்டுக் காயம் பார்க்கும் டாக்டரிடமே போங்கள். செலவுதான், தெரியும். ஆனால் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு ஆடி, மூன்று மாதத்தில் முடிய வேண்டியதை ஒரு வருடமாக இழுத்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். டென்னிஸ் லில்லிக்கு 1973-ல் வெஸ்ட் இண்டீஸ் பயணத்தில் முதுகெலும்பு முறிந்தது. ஒரு சீசனுக்கு மேல் வெளியே இருந்து, உடம்பையும் ஆக்‌ஷனையும் திரும்பக் கட்டிக்கொண்டு 1974-75-ல் இங்கிலாந்துக்கு எதிராக வந்தார். பின்னால் 1987 முதல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷனில் நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். நம்ம பாலாஜியும் முதுகு முறிவுக்கு அப்புறம் ஆக்‌ஷனை மாற்றிக்கொண்டு வந்து, 2008-ல் ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக் எடுத்தார்.

வலி இல்லை என்றால், அல்லது டாக்டர் சரி என்று சொல்லிவிட்டால், அடுத்தது வீடியோ. உங்கள் நல்ல காலத்து வீடியோ யாரிடமாவது இருக்கும், அணி வாட்ஸ்அப் குழுவில், மாமா பையனின் பழைய ஃபோனில், தேடிப் பிடியுங்கள். இப்போதைய பந்துவீச்சை ஸ்லோ மோஷனில் இரண்டு இடத்திலிருந்து எடுங்கள்: அம்பயருக்குப் பின்னால் நேராக ஒன்று, பக்கவாட்டில் கிரீஸுக்கு நேராக ஒன்று. நெட்ஸின் முதல் பத்து பந்து, கடைசிப் பத்து பந்து இரண்டும் வேண்டும், சோர்ந்த உடம்புதான் உண்மையைச் சொல்லும்.

என்ன பார்ப்பது? கைகளைப் பார்க்காதீர்கள், முதலில் கால்களையும் தலையையும் பாருங்கள். பின்கால் எந்தத் திசையில் இறங்குகிறது, அந்த நேரத்தில் தோள் எந்தத் திசையில் இருக்கிறது. கால் ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் திரும்பியிருந்தால் அது மிக்ஸட் ஆக்‌ஷன், முதுகை உடைக்கிற ஆக்‌ஷன். முன்கால் ஊன்றும்போது முட்டி மடங்கிக் குழைகிறதா, உறுதியாக நிற்கிறதா. பந்து விடும் நொடியில் தலை நேராக இருக்கிறதா, பக்கவாட்டில் விழுகிறதா. பந்து போடாத கை, அதுதான் பலருக்குத் திருடன், சீக்கிரமே கீழே விழுந்து வயிற்றோடு ஒட்டிக்கொள்கிறதா.

நம்ம பையன் விஷயத்தில் பழைய வீடியோவையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. போன வருடம் ஒரு மேட்சில் ஐந்து நோ-பால் போட்டிருக்கிறான், அணியில் கத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து கிரீஸுக்குப் பக்கத்தில் வந்ததும் இரண்டு குட்டி எட்டு வைத்து அடக்கிக்கொள்கிறான். ஓடி வந்த வேகம் அங்கேயே செத்துவிடுகிறது. வேகம் போனதை ஈடுகட்ட உடம்பை முறுக்குகிறான், இடது கை சீக்கிரம் விழுகிறது, தலை இடது பக்கம் சாய்கிறது, பந்து லெக் பக்கம் போகிறது. அவனோ ஆறு மாதமாக மணிக்கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தான். தப்பு பந்து வெளியே வரும் இடத்தில் கண்ணுக்குப் படும், ஆனால் அது பிறந்த இடம் ஐந்தாறு எட்டு பின்னால் இருக்கும். நான் பார்த்த வரையில் பத்துக்கு ஏழு பேருக்கு ரன்-அப்தான்.

அதனால் ரன்-அப்பை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக அளக்க வேண்டும். எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன். பிட்சில் இதைச் செய்யாதீர்கள். கோடே இல்லாத திறந்த புல்வெளியில் போய் நில்லுங்கள். ஸ்பைக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், ஷூவில் ஓடினால் எட்டின் நீளம் மாறும். கையில் பந்துடன், ஸ்டம்ப் இல்லை, பேட்ஸ்மேன் இல்லை, ஓடி வந்து உங்களுக்கு எங்கே தோன்றுகிறதோ அங்கே குதித்துப் பந்தை விடுங்கள். கூட வந்தவர் முன்கால் விழுந்த இடத்தில் ஒரு குச்சியைக் குத்தட்டும். நீங்கள் குச்சியைப் பார்க்கக் கூடாது. பன்னிரண்டு தடவை. முதல் மூன்றைத் தள்ளிவிடுங்கள், உடம்பு அப்போது இன்னும் பழைய பயத்திலேயே ஓடும். மீதி ஒன்பதில் ஏழெட்டு குச்சி ஒரு முழ தூரத்துக்குள் கூட்டமாக இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவிலிருந்து நீங்கள் ஓடத் தொடங்கிய இடம் வரை டேப் வைத்து அளங்கள். அதுதான் உங்கள் ரன்-அப், நீங்கள் 19 வயதில் மனப்பாடம் செய்த எண் அதுவல்ல. வயது ஏறும், எடை ஏறும், எட்டும் மாறும். நம்ம பையனுக்குப் பழைய அளவைவிட ஒன்றரை மீட்டர் குறைந்தது. அவனால் நம்பவே முடியவில்லை, திரும்ப அளக்கச் சொன்னான்.

இந்த அளவு கிடைத்த அன்றே முழு ரன்-அப்பில் போட ஆசை வரும். வேண்டாம். இங்கேதான் டனீடினுக்குப் போக வேண்டும். குறைந்தது ஆறு வாரம் லீக் மேட்ச் கிடையாது என்று கேப்டனிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது இதுதான், இடம் போய்விடும் என்ற பயம். ஆனால் மோசமாகப் போட்டுக்கொண்டே இருந்தாலும் அந்த இடம் போகத்தான் போகிறது.

முதல் இரண்டு வாரம் நின்ற இடத்திலிருந்தும் மூன்று எட்டிலிருந்தும் மட்டும். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 30 பந்து, அடுத்தடுத்த நாட்களில் கிடையாது. பேட்ஸ்மேன் வேண்டாம். எதிர்முனை ஸ்டம்பிலிருந்து 6 மீட்டரில் ஒரு கோடு, 8 மீட்டரில் ஒரு கோடு, ஆஃப் ஸ்டம்பிலிருந்து வெளியே ஒன்றரை அடி வரை சுண்ணாம்பில் ஒரு பெட்டி வரைந்துகொள்ளுங்கள். ஆறு பந்து சூடுபடுத்த, மீதி 24 கணக்கில். பெட்டிக்குள் எத்தனை விழுந்தது என்று நோட்டில் எழுதுங்கள், ஃபோனில் வேண்டாம், ஃபோனில் எழுதினால் யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள், இன்றைக்கு இடது கை என்றால் இடது கை மட்டும். தொடர்ந்து இரண்டு நாள் 24-க்கு 14 வந்தால் அடுத்த கட்டம்: பாதி ரன்-அப், 36 பந்து, அதே பெட்டி. அதிலும் 14 வந்தால் முழு ரன்-அப், அப்புறம் பேட்ஸ்மேன். வராவிட்டால் அதே கட்டத்தில் இன்னொரு வாரம். எனக்குப் பாதி ரன்-அப்பிலேயே நாலு வாரம் ஆனது. பந்துகளின் எண்ணிக்கையை ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கினால் உடம்பு திரும்ப உடையும், மெதுவாக ஏற்றுங்கள்.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை நினைத்துக்கொள்ளுங்கள். 2015-ல் ரஞ்சியில் இறங்கியதுமே ஆக்‌ஷன் சரியில்லை என்று புகார். அந்த வயதில், அந்த ஏழ்மையில், கையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஆக்‌ஷனை மாற்றிக்கொண்டு, டி.என்.பி.எல். வழியாக ஏறி, 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குள் ஆஸ்திரேலியாவில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடினார்.

உடம்பும் ஆக்‌ஷனும் சரியாக இருந்தும், தனியாகப் போட்டால் 24-க்கு 18, ஆள் நின்றால் பந்து எங்கோ போகிறது என்றால் அது வேறு விஷயம். அதை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் ஸ்டீவ் பிளாஸ் என்ற பிட்சர், 1971 உலகத் தொடர் என்கிற இறுதித் தொடரில் இரண்டு முழு மேட்ச் வீசி ஜெயித்தவர், 1972-ல் 19 வெற்றி, 1973-ல் திடீரென்று பந்தை ஸ்டிரைக் ஸோனுக்குள், அதாவது பந்து போக வேண்டிய எல்லைக்குள், போட முடியவில்லை, சராசரி 9.85. காயம் எதுவும் இல்லை. அவர் திரும்பி வரவே இல்லை, அந்த நிலைக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். இன்னொரு பிட்சர் ரிக் ஆங்கியேல் 2000 பிளே-ஆஃபில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து வைல்ட் பிட்ச், அதாவது பிடிக்கவே முடியாதபடி தவறிய பந்து, போட்டார். வீசுவதை விட்டுவிட்டு 2007-ல் பேட்டராக, அவுட்ஃபீல்டராகத் திரும்ப வந்தார். கிரிக்கெட்டில் ஸ்காட் பாஸ்வெல், 2001-ல் லார்ட்ஸ் இறுதி ஆட்டத்தில் ஒரு ஓவரை முடிக்க 14 பந்து ஆனது. இவர்கள் யாரும் பயந்தாங்கொள்ளிகள் இல்லை. யோசிக்காமல் நடந்துகொண்டிருந்த ஒன்றை யோசித்துச் செய்யத் தொடங்கினால் எந்தக் கைக்கும் இது நடக்கும்.

இதற்கு நெட்ஸில் கூடுதலாக ஒரு மணி நேரம் போடுவது மருந்தில்லை, தப்பைத்தான் அது பழக்கும். என் அனுபவத்தில் உதவியது இரண்டு. ஒன்று, கையைப் பற்றிய எண்ணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கண்ணைக் கீப்பரின் கையுறையில் ஒட்டவைத்து, கடைசி நாலு எட்டை வாய்க்குள் எண்ணிக்கொண்டே வருவது. நான் தமிழில் எண்ணுவேன், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, நாலில் குதி. இரண்டாவது, பேட்ஸ்மேனை ஒரேயடியாக நிறுத்தாமல், முதலில் கிளவுஸ் போடாமல் பக்கத்தில் ஒருவர் சும்மா நிற்பது, அப்புறம் பேட் இல்லாமல் ஸ்டான்ஸ் எடுப்பது, அப்புறம் பேட்டுடன் ஆனால் அடிக்காமல் விடுவது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. லெதர் பந்துக்கு எதிரே சும்மா நிற்கிறவர் ஹெல்மெட் போட்டு, காலில் பேடும் கட்டியிருக்கட்டும், பந்தும் மெதுவாக இருக்கட்டும். ஹாலடேயே மனப்பயிற்சி நிபுணர் ஒருவரிடம் நீண்ட நாள் பேசியவர். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், மைதானம் என்றாலே நெஞ்சு படபடக்கிறது என்றால், ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, போங்கள். முட்டிக்கு டாக்டரிடம் போகிறோமே, அது மாதிரிதான். வீட்டில் என்ன சொல்வார்கள் என்று பார்க்காதீர்கள். அம்மாவிடம் நான் சொல்லட்டுமா என்று ஒரு பையனிடம் கேட்டு, அவன் வீட்டுக்கு நானே போய்ச் சொல்லியிருக்கிறேன்.

நைட் ஷிஃப்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடித்து, கேபில் ஒன்றரை மணி நேரம் சில்க் போர்டு டிராஃபிக்கில் உட்கார்ந்து, நேராக நெட்ஸுக்கு வராதீர்கள். தூங்கிவிட்டு சாயங்காலம் வாருங்கள், முடியாவிட்டால் அன்றைக்கு விடுங்கள்.

மேட்சுக்குத் திரும்பும்போது புதுப்பந்து கேட்காதீர்கள். பிட்சர் டிம் லின்சிகம் 2008, 2009 இரண்டு வருடமும் சை யங் வாங்கியவர், 2012-ல் சராசரி 5.18, 15 தோல்வி. அந்த வருட பிளே-ஆஃபில் சான் பிரான்சிஸ்கோ அவரை ஆட்டத்தைத் தொடங்குபவராக வைத்துக்கொள்ளாமல் பெரும்பாலும் நடுவில்தான் இறக்கியது, அவரும் பிரமாதமாக வீசினார், அணி கோப்பை வாங்கியது. அதற்கப்புறம் இரண்டு நோ-ஹிட்டர் கொடுத்தார் என்றாலும் 2008-ன் லின்சிகம் கடைசிவரை முழுசாகத் திரும்பவில்லை, 2016-க்குப் பிறகு மேஜர் லீகில் இல்லை. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. எல்லோரும் திரும்புவதில்லை. ஆனால் நடுவில் வந்து மூன்று ஓவர் போடுகிற வேலையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: பந்து கொஞ்சம் பழசாகியிருக்கும், எல்லோருடைய கண்ணும் உங்கள் மேல் இருக்காது, ஸ்விங் வரவில்லையே என்ற கவலை இல்லாமல் லெங்த்தை மட்டும் பார்க்கலாம். முதல் இரண்டு மேட்ச் நட்பு ஆட்டமாகவோ கீழ் டிவிஷனாகவோ இருக்கட்டும், மூன்று ஓவர் ஸ்பெல், அதற்கு மேல் கேட்டாலும் போடாதீர்கள். விக்கெட்டை எண்ணாதீர்கள், பெட்டிக்குள் எத்தனை என்று யாரையாவது எண்ணச் சொல்லுங்கள்.

வேகம் கொஞ்சம் குறைந்திருந்தால் அதற்குப் பதில் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் ஆஃப் கட்டர், பழசான பந்திலும் சுலபமாக வருவது அதுதான், விரலைச் சீம் மேல் வைத்துப் பந்து விடும் நேரத்தில், வலது கைப் பவுலர் என்றால் பந்தின் வலது பக்கமாகக் கீழே இழுத்துவிட வேண்டும். காலையில் வீசினால் இங்கே டிசம்பர், ஜனவரியில் பனி ஈரத்தில் பந்து நழுவும், துணியை இடுப்பிலேயே செருகிக்கொள்ளுங்கள்.

நம்ம பையன் ஜூன் மழைக்கு முன்னால் நாலு மேட்ச் ஆடினான். வேகம் கொஞ்சம் குறைந்ததால் இப்போது கீப்பர் அவனுக்கு இரண்டு எட்டு முன்னால்தான் நிற்கிறார், அதைப் பார்த்த முதல் நாள் முகம் வாடிவிட்டது. மூன்றாவது மேட்சில் 7 ஓவர், 2 விக்கெட், இரண்டும் கட்டரில், ஒரு நோ-பால்கூட இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வந்து காட்டினான், 42 பந்தில் 27 பெட்டிக்குள். "அண்ணா, அடுத்த வாரம் புதுப்பந்து கேக்கட்டுமா?" என்றான். இன்னும் இரண்டு மேட்ச் பொறு என்று சொல்லியிருக்கிறேன்.